ஆலோசக மருத்துவர் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் பேசி மாற்றியவை

குடல்நோய் மருத்துவர், கோவை:

தனியார் மருத்துவமனைகளில் ஆலோசகராகச் சேரும் நம்மில் பலருக்குத் தரப்படுவது நியமன ஆணை அன்று. தொழில்முறைக் கட்டண ஒப்பந்தம். நான் சேர்ந்தபோது வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்கீழ் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார்கள். சம்பளக்காரர் அல்லர் என்பதால் வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ கிடையாது. ஆகவே மாதத் தொகையை வெளியூர் நண்பரின் சம்பளத்தோடு ஒப்பிட்டு மகிழ்வதில் பொருளில்லை.

முதல் ஆண்டுக்கு மினிமம் கேரண்டி (நோயாளிகள் குறைவாக வந்தாலும் தரப்படும் உறுதித் தொகை), அதாவது நாம் எல்லோரும் சொல்லும் எம்.ஜி., மாதம் மூன்று லட்சம் என்றார்கள். அதை உயர்த்தச் சொல்லி நான் மன்றாடவில்லை. பதின்மூன்றாம் மாதத்திலிருந்து நோயாளிகளின் கட்டணத்தில் எனக்குரிய சதவீதப் பங்கு எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படும் என்று மட்டும் கேட்டேன். மனிதவள அதிகாரிக்கு விடை தெரியாததால் கணக்குப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். பெயர் மறைத்த ஒரு டிஸ்சார்ஜ் பில்லை எடுத்து வைத்துப் பார்த்தோம். காப்பீட்டு நிறுவனம் வெட்டியது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் சாதாரணக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு, நிர்வாகத்துக்குத் தெரிந்தவர் என்பதற்காகக் கொடுத்த தள்ளுபடி என எல்லாம் கழிந்த பிறகு, கைக்கு வந்து சேர்ந்த தொகையில்தான் மருத்துவரின் சதவீதம் போடப்பட்டிருந்தது. தெரிந்தவருக்குச் சலுகை தரும் பெருந்தன்மை நிர்வாகத்துடையது. செலவில் மட்டும் மருத்துவருக்கும் பங்கு.

காப்பீட்டு வெட்டை இரு தரப்பும் பகிர்வது, நிர்வாகம் தானாக அளிக்கும் தள்ளுபடியை அதுவே ஏற்பது, நோயாளிவாரியான கணக்குத்தாளை மாதந்தோறும் தருவது என்று மூன்றையும் எழுத்தில் சேர்த்த பிறகே ஒப்பமிட்டேன். எம்.ஜி. ஒரு ரூபாய்கூட உயரவில்லை.

மயக்கவியல் மருத்துவர், மதுரை:

எனக்குச் சிக்கலாக வந்தது விலகுவதைப் பற்றிய பகுதி. விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்குப் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் வேறெங்கும் பணியாற்றக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் சட்டப்படி செல்லுபடியாகாது. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்றாலும், விலகியவரைக் கட்டுப்படுத்துவதை ஏற்பதில்லை. செல்லாத ஷரத்துதானே என்று விட்டுவிடலாம் என்றார் ஒரு சீனியர். ஆனால் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்பும் செலவும் அலைச்சலும் நம்முடையவை. ஆதலால் நீக்கச் சொன்னேன். "எல்லா டாக்டருக்கும் இதே ஃபார்மட்தான் மேடம், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார் நிர்வாக அதிகாரி. இரண்டு வாரம் கழித்து நீக்கினார்கள்.

நாங்கள் விலக மூன்று மாத நோட்டீஸ், அவர்கள் நீக்க ஒரு மாதம் என்றிருந்ததை இரு தரப்புக்கும் இரண்டு மாதமாக்கினோம். 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த பிறகு, நோயாளி வழக்குத் தொடுத்தால் இழப்பீட்டை ஏற்கும் மருத்துவமனைக் காப்பீட்டில் நம் பெயரும் உள்ளதா என்று பாலிசி நகலைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். என் பெயர் அதில் இல்லை. தனி பாலிசிக்கான பிரீமியத்தை நிர்வாகமே செலுத்த இசைந்தது. மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னதற்கு மட்டும் நான் இணங்கவில்லை; சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தந்தார்கள்.