காட்ஸ்வோல்ட் கிராமத்துத் தேவாலயக் கல்லறைகள்: தேய்ந்த எழுத்தைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டுக் கல்லறை எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அங்கே தலைமாட்டுக் கல்லின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். சூரியன் நேர் தெற்கே வரும்போது, அதாவது கோடையில் கடிகாரத்தில் 1 மணி சுமாருக்கு, வெயில் கல்லை உரசிக்கொண்டு போகும். லேசான பள்ளம் மிஞ்சியிருந்தாலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பிவிடும். கல் யூ (yew) என்ற பசுமை மாறா மரத்தின் நிழலில் இருந்தால், இன்னொருவர் வெயிலில் நின்று பெரிய நிலைக்கண்ணாடியால் ஒளியைப் பக்கத்திலிருந்து திருப்பட்டும்.

கம்பித் தூரிகை, பிளீச், ஷேவிங் நுரை, மாவு எதுவுமே வேண்டாம். அந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் உரிந்தால் எழுத்தும் அதோடு போய்விடும். கற்பாசியையும் சுரண்டாதீர்கள், சில வகை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

*

பெட்டிக் கல்லறை பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வட்டார ஊர்களான பெயின்ஸ்விக்கிலும் பர்ஃபோர்டிலும் அருமையானவை இருக்கின்றன. பெட்டிக்குள் உடல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உடல் மண்ணுக்கடியில், மேலே இருப்பது பலகைக்கற்களை இணைத்த வெறும் கூடு. பலவற்றில் மூலைகளை இரும்புப் பட்டிகள் பிடித்திருக்கும். இரும்பு துருவேறினால் பல மடங்கு உப்பும். மூலைக் கல் வெடிக்கும், பக்கப் பலகை வெளியே சாயும். விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அதில் சாயாதீர்கள், பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

சிமென்ட் பூசி அடைப்பது இன்னும் கேடு. உள்ளே போன ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லிலேயே தங்கி, உறைபனியில் அதைப் பிளக்கும். சுண்ணாம்புக் காரைதான் சரி. அதையும் உங்கள் முன்னோர் கல்லறைதானே என்று நீங்களே செய்துவிட முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் மறைமாவட்ட அனுமதி வேண்டும்.

படிக்கும்போது நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் தாத்தா, மறுபக்கம் பேரன் என்று ஒரே பெட்டியில் குடும்பத்தின் பெயர்களே வெட்டியிருக்கலாம்.

*

தேதியில் கவனம். 1752க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். கல்லில் 'பிப்ரவரி 1723' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1724. சில கற்களில் 1723/4 என்றே வெட்டியிருப்பார்கள். இதை விட்டுவிட்டால், 1723 நவம்பரில் உயில் எழுதியவர் அதற்கு ஒன்பது மாதம் முன்பே இறந்தவராகிவிடுவார்.

எழுத்து முழுதும் போயிருந்தால் பங்கின் (அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) அடக்கப் பதிவேட்டைத் தேடுங்கள். இந்தப் பதிவு முறை 1538இல் தொடங்கியது. பழைய ஏடுகள் பெரும்பாலும் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஆனால் வயதுக்கென்று அச்சிட்ட கட்டம் 1813 முதல்தான். அதற்கு முன் இறந்தவரின் வயதுக்குப் பல சமயம் கல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.