ஸ்னூப்பி நிஜமாகவே இருந்த நாயா?

மொட்டைமாடி:
நாலாவது படிக்கும் என் பெண் ஒரு வாரமாகப் பீநட்ஸ் தொகுப்பும் கையுமாகவே இருக்கிறாள் (சார்லி பிரவுன் என்ற பையனும் அவன் நாய் ஸ்னூப்பியும் வரும் பேப்பர் காமிக்ஸ்). நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "ஸ்னூப்பி நிஜமாவே இருந்த நாயாப்பா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். சரியா? எனக்கும் ஒரு சந்தேகம். சார்லி பிரவுன் தினமும் தட்டில் சாப்பாடு கொண்டுவருகிறான், ஸ்னூப்பிக்கு அவன் பெயர்கூட ஞாபகமில்லை, 'அந்த உருண்டைத் தலைப் பையன்' என்றுதான் நினைத்துக்கொள்கிறது. ஆசையாக நாய் வளர்த்த ஆள் இப்படியா வரைவார்?

பழையபேப்பர்:
முக்கால்வாசி சரி. பீநட்ஸை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் 1922-ல் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் பால் ஊரில் வளர்ந்தவர். அப்பா சலூன் வைத்திருந்தார் (சார்லி பிரவுனின் அப்பாவுக்கும் அதே தொழில்தான், கவனித்தீர்களா). வீட்டு நாய் பெயர் ஸ்பைக், கறுப்பு வெள்ளை, ஆனால் ஸ்னூப்பி மாதிரி பீகிள் கிடையாது. குண்டூசி, ஆணி, பிளேடு என்று கிடைத்ததை எல்லாம் முழுங்கிவிட்டு ஒன்றும் ஆகாமல் திரியுமாம். பதினாலு வயதுப் பையன் அதை வரைந்து விசித்திரச் செய்திகள் போடும் ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' என்ற பேப்பர் பகுதிக்கு அனுப்ப, 1937 பிப்ரவரியில் பேப்பரில் வந்துவிட்டது. அச்சில் வந்த அவருடைய முதல் படம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், பிறகு பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்த படங்களைப் போடவே இல்லை.

ஸ்னூப்பி என்ற பெயர் ஷுல்ஸின் அம்மா தந்தது. ஷுல்ஸ் முதலில் ஸ்னிஃபி என்று வைக்க நினைத்தார், அதே பெயரில் வேறொரு காமிக்ஸ் நாய் இருந்தது. 'இன்னொரு நாய் வளர்த்தால் ஸ்னூப்பி என்று கூப்பிடலாம்' என்று அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா 1943-ல், இவர் பட்டாளத்தில் சேர்ந்த சமயத்தில், புற்றுநோயால் போய்விட்டார்.

கூர்பென்சில்:
பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1950 அக்டோபர் 2-ல் ஏழே பேப்பர்களில் தொடர் ஆரம்பித்தது, ரெண்டு நாள் கழித்து ஸ்னூப்பி வருகிறது. அப்போது நாலு காலில் ஓடும் சாதா நாய்க்குட்டி. 1952-ல்தான் தலைக்கு மேலே நினைப்புக் குமிழி, அப்புறம் ரெண்டு காலில் நடை, தன் நாய்வீட்டுக் கூரை நுனியில் மல்லாந்து படுத்தபடி பகல் கனவு, போர் விமானி வேஷம். நாய்க்கென்று தனி வாழ்க்கை உண்டு, அதில் நாம் தட்டு தூக்கி வரும் ஆள். எங்கள் மணியும் அதே ரகம், கேட் சத்தத்துக்குக் குதித்து வரும், கையில் பிஸ்கட் இல்லையென்றால் அப்படியே திரும்பிப் படுத்துக்கொள்ளும். இடி இடித்தால் மட்டும் என் கட்டிலுக்கு அடியில். பக்கத்தில் நாயை வைத்து வளர்ந்த ஆள்தான் இதை வரைய முடியும் என்பது என் கட்சி.

பழையபேப்பர்:
ஒன்று விட்டுப்போச்சு. 1975-ல் ஸ்பைக் என்ற பெயரிலேயே ஸ்னூப்பிக்கு ஓர் அண்ணனைக் கொண்டுவந்தார், தொப்பி போட்டுக்கொண்டு பாலைவனத்தில் கள்ளிச்செடியோடு பேசும் ஒல்லி நாய். அது இருக்கும் கலிபோர்னியாவின் நீடில்ஸ் ஊரில்தான் ஷுல்ஸும் சின்ன வயதில் கொஞ்ச நாள் இருந்தார். மொத்தம் 17,897 படங்கள், உதவிக்கு ஆளே வைக்காமல். கடைசிக் காலத்துப் படங்களில் கை நடுக்கம் கோட்டிலேயே தெரியும். கடைசி ஞாயிறுப் படம் 2000 பிப்ரவரி 13-ல் வந்தது, முந்தின ராத்திரி தூக்கத்திலேயே இறந்துபோனார்.

மொட்டைமாடி:
எல்லாம் சொன்னேன். "ஆணி முழுங்கின நாயை டாக்டர்கிட்ட காட்டலையா?" என்பதோடு அவள் விசாரணை முடிந்தது. இப்போது கள்ளிச்செடிப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.