போரில் அம்மா பறித்து வைத்த பூக்களை ரெசினில் பதிக்கலாமா?

காகிதப்பூ:

வணக்கம். அம்மாவிடம் ஒரு பழைய வேதியியல் கொப்பி இருக்கிறது. போர் நடந்தபோது அவருக்கு 19 வயது. வீட்டை விட்டுக் கிளம்பி நான்கு இடம் மாறியிருக்கிறார்கள். போன இடத்திலெல்லாம் கண்ணில் பட்ட பூவைப் பறித்து, கொப்பித் தாள்களுக்கு நடுவே வைத்து, பக்கத்தில் நாளையும் இடத்தையும் எழுதியிருக்கிறார். "பள்ளிக்கூட விறாந்தை." "பங்கர் வாசல், மழை." "கிணற்றடி, தண்ணீர் இல்லை." ஏன் அம்மா என்று கேட்டால், "தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பூ ஒன்றுதான் பாரமில்லாமல் இருந்தது" என்கிறார்.

17 பூக்கள் மிஞ்சியிருக்கின்றன. காகிதப்பூ இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. நித்தியகல்யாணி தேயிலை நிறமாகிவிட்டது. ஆறு பக்கங்களில் பூ பொடியாய்ப் போய், இதழின் வடிவம் மட்டும் பழுப்புக் கறையாகத் தாளில் பதிந்திருக்கிறது. இரண்டு பூக்களை அப்போதே செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். டேப் மஞ்சளாகிப் பூவோடு பிடித்துக்கொண்டது.

நாங்கள் மூன்று பெண்கள். ஆளுக்கு ஒரு பதக்கம் செய்து கழுத்தில் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் இரண்டு வருடமாகப் பொழுதுபோக்காக, ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் ரெசின் என்ற பிசினில் தோடுகள் செய்கிறேன். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. போன மாதம் தோட்டத்து நித்தியகல்யாணியைப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து, புற ஊதா விளக்கில் இறுகும் ரெசினில் பதித்துப் பார்த்தேன். இதழ் நனைந்த காகிதம் மாதிரிக் கண்ணாடியாகிவிட்டது. நாலாம் நாள் ஓரமெல்லாம் பழுப்பு. அதற்கப்புறம் கொப்பியைத் திறக்கவே கை வரவில்லை.

எப்படிச் செய்தால் கெடாது? இதைச் செய்வதே சரிதானா?

வெயில்நிழல்:

இதழ் கண்ணாடியாவதற்குக் காரணம், அதன் உயிரணுக்களுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை ரெசின் பிடித்துக்கொள்வது. மெல்லிய இதழ்களில் இது அதிகம். ரெசினில் வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் மெல்லிய பசைப் பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிட்டால் பெருமளவு தவிர்க்கலாம். ஓரம் பழுத்தது பெரும்பாலும் ஈரத்தால். தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் காம்பு சேரும் இடத்தில் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றாதீர்கள், இறுகும்போது சூடேறும். கையுறை கட்டாயம். இறுகாத ரெசின் தோலில் படப்பட ஒவ்வாமை வந்துவிடும். ஒரு தடவை வந்தால் அப்புறம் அந்த வேலையையே விட வேண்டியதுதான். எனக்கு வந்தது.

ஆனால் இதெல்லாம் நேற்றைய பூவுக்குச் சொல்வது. அத்தனை வருடப் பூவின் மேல் தூரிகை பட்டாலே உதிரும்.

உலர்இலை:

தங்கச்சி, நான் உலர்தாவரத் தொகுப்பு ஒன்றில் 12 வருடமாக வேலை செய்கிறேன். கொப்பிப் பூவை ரெசினில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இறுகிய ரெசினைத் திரும்பக் கரைத்துப் பூவை எடுக்க முடியாது. அந்த ரெசினும் வெளிச்சத்தில் வருடக்கணக்கில் மஞ்சளாகும், பூ உள்ளே மாட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வேலையில் முதலில் பழகுவது இதைத்தான்: நாளை ஒருவர் பிரித்தெடுக்க முடியாத எதையும் இன்று செய்யாதே.

இன்னொன்று. பூ தனி, எழுத்து தனி என்று எண்ண வேண்டாம். "பங்கர் வாசல், மழை" என்ற வரியை விட்டுப் பிரிந்தால் அது ஏதோ ஒரு காய்ந்த பூ. சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1913இல் தாவரங்களை ஒட்டிவைக்கத் தொடங்கி, முதல் உலகப் போரின்போது சிறையில் இருந்தபடியே அதைத் தொடர்ந்தார். இன்று அந்த நோட்டுகளைப் பார்க்கும்போது பூவைவிட, பக்கத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்தில்தான் எனக்குக் கண் நிற்கிறது. அதே போரில் கேன்ட்லி என்ற கனடிய இராணுவ அதிகாரி, போர்முனையில் பறித்த பூக்களைக் கைக்குழந்தையான தன் மகளுக்குக் கடிதத்தில் வைத்து அனுப்பினார். குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததால் நூறு வருடம் கழித்து, 2017இல், அவை ஒரு கண்காட்சியின் கருவாயின.

இப்போது செய்ய வேண்டியவை. செலோடேப்பை உரிக்காதீர்கள், பூவும் சேர்ந்து வந்துவிடும். எல்லாப் பக்கங்களையும் நல்ல தெளிவில் படமெடுத்துவிடுங்கள். கொப்பியை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். உள்ளே பூச்சி இருந்தால் சாகும். வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் தாளில் ஈரம் படியாது. அப்புறம் ஒவ்வொரு பூவுக்கும் இடையில் அமிலமில்லாத மெல்லிய தாள். வெளிச்சம் வேண்டாம். வெளிச்சத்தால் வெளிறிய நிறம் இருட்டில் வைத்தால் திரும்பி வராது.

நகைக்கு எனக்குத் தோன்றுவது, அந்த ஆறு கறைப் பக்கங்கள். பூ போய்விட்டது, வடிவம் இருக்கிறது. படத்திலிருந்து அந்த வடிவத்தை அப்படியே வெள்ளித் தகட்டில் செதுக்கலாம். கொப்பியிலிருந்து ஒன்றும் போகாது. அம்மாவின் கையெழுத்தைப் பின்பக்கம் வெட்டலாம்.

வெள்ளிக்கம்பி:

நான் வெள்ளி வேலை செய்கிறவன். உலர்இலை சொன்ன மாதிரி கறையின் வடிவத்தைத் தகட்டில் எடுப்பது கடினமில்லை. ஓரத்துக் கிழிசலைச் சீராக்கச் சொல்லாதீர்கள், அப்படியே வரட்டும்.

உண்மையான பூவே வேண்டும் என்று அம்மா நின்றால், இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே வைத்துத் திருகி மூடும் பதக்கம் இருக்கிறது. பசை வேண்டாம், பின்னால் திறந்தும் எடுக்கலாம். பற்றவைக்கும் வேலை முழுவதும் முடிந்து, உலோகம் ஆறிய பிறகே பூ உள்ளே போக வேண்டும். ஈயம் வைத்துக் கண்ணாடி ஓரத்தை மூடும் முறை வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஒரு வாடிக்கையாளரின் பூவை நான் கருக்கியிருக்கிறேன். அவர் திட்டவில்லை, பதக்கத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

பதக்கத்தைத் தினமும் போட வேண்டாம். குளிக்கும்போது கண்டிப்பாகக் கழற்ற வேண்டும்.

காகிதப்பூ:

எல்லாருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கறையைச் செதுக்கலாம் என்ற இடம் வந்ததும் கொப்பியைக் கேட்டு வாங்கி, அந்த ஆறு பக்கங்களையும் விரலால் தொடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதில் நாலு எந்தப் பூ என்று தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். ஒன்று, தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்த பூவாம். அந்தப் பிள்ளையைப் பற்றி எங்களிடம் இதுவரை சொன்னதே இல்லை. அன்றைக்கு ராத்திரி சொன்னார்.

அந்தக் கறைதான் பெரியக்காவுக்கு. மற்ற இரண்டையும் அம்மாவே தேர்ந்தெடுத்துவிட்டார். தனக்கு மட்டும் காகிதப்பூவின் ஒரு இதழ் திருகுப் பதக்கத்தில் வேண்டுமாம். அது கொப்பியில் எழுத்தில்லாத பக்கத்தில் இருந்தது, அதனால் சம்மதித்தேன். வெள்ளிக்கம்பி, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

கொப்பி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உறைபெட்டியில் இருக்கிறது. அம்மா காலையும் மாலையும் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறார்.