ரேஸ் எழுதுகிறவர் ரேஸ் ஆடலாமா?

பழைய ஸ்டாப்வாட்ச்:
போன வாரம் இங்கே ஒருவர், "ரேஸ் பக்கம் எழுதியவர்கள் எல்லாம் புக்கிகளின் கூட்டாளிகள்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். 27 வருடம் ஒரு நாளிதழுக்குக் கிண்டி ரேஸ் எழுதியவன் நான். ஆடவும் செய்தேன். இரண்டையும் யாரிடமும் மறைத்ததில்லை.

அந்த வேலை என்னவென்று தெரியாமல் பேசுகிறார்கள். விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் தடத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். மார்கழிப் பனியில் குதிரை கண்ணுக்குத் தெரியாது, குளம்புச் சத்தம்தான் முதலில் வரும். பயிற்சி ஓட்டத்தில் முதுகில் எண் இருக்காது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, எந்தக் கால் வெள்ளை, மேலே இருக்கிற பையன் உட்காரும் தினுசு, இவற்றை வைத்து இது இன்ன குதிரை என்று பிடிக்க வேண்டும். கடைசி 600 மீட்டரை 38 விநாடியில் வந்தால் ஒரு கதை, 44இல் வந்தால் வேறு கதை. ஆனால் 44இல் வந்ததை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தானா, அதற்கு மேல் வண்டி ஓடாதா? அதைக் கடிகாரம் சொல்லாது, கண்தான் சொல்லும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் சொந்தக் காசில் இருநூறு ரூபாய் கட்டக் கூடாதா? தான் சமைத்ததைத் தானே சாப்பிடாத சமையல்காரன் மேல்தானே சந்தேகம் வர வேண்டும்?

கணக்கர் மகள்:
சார், சமையல் உதாரணம் ஒட்டவில்லை. நீங்கள் சாப்பிட்டால் என் தட்டில் குறையாது. கிளப்பே நடத்துகிற டோட் பந்தயத்தில் குறையும். எல்லார் பணமும் ஒரே அண்டாவில் விழுகிறது. கிளப்பின் பங்கும் வரியும் போக மிச்சத்தை ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல குதிரையைக் காலைப் பேப்பரில் நீங்கள் எழுதினால் மத்தியானம் அதன் விலை சரிந்துவிடும். ஐந்து மடங்கு வர வேண்டியது இரண்டு மடங்காகும். அதன் மேல் உங்கள் பணமும் இருந்தால் பேனா தயங்காதா? பொய் எழுதினீர்களா என்று நான் கேட்கவில்லை. எழுதாமல் விட்டது எவ்வளவு என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் அப்பா ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். ரேஸ் பக்கத்தை மட்டும் வெட்டி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வேர்வையில் மை சட்டையில் ஒட்டியிருக்கும். அம்மா அந்தக் கறையைத் துவைத்தே ஓய்ந்தார். அம்மாவின் வளையல் எந்தக் கடையில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

மாம்பலம் மணி:
அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் என்று ஒருவர். 1966இல் ஹார்வர்டில், சாசர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரைப் பற்றிய பரீட்சையை எழுதாமல் பெல்மான்ட் பந்தயத்துக்குப் போன ஆள். அவர் கட்டிய ஆம்பராய்ட் என்ற குதிரை ஜெயித்தது, பட்டம்தான் போனது! அப்புறம் 1978இலிருந்து 2004 வரை வாஷிங்டன் போஸ்டில் ரேஸ் பத்தி. தான் கட்டியதையும் தோற்றதையும் அந்தப் பத்தியிலேயே எழுதினார். குதிரை ஓடிய நேரத்தை, அன்றைக்குத் தடம் வேகமா மந்தமா என்று பார்த்துச் சரிசெய்து ஒரே எண்ணாக்கும் முறை அவருடையது. அதை ஒளித்தாரா? புத்தகமாகவே போட்டார். 1992 முதல் டெய்லி ரேசிங் ஃபார்ம் என்ற ரேஸ் பத்திரிகையில் ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

கணக்கர் மகள்:
நல்ல ஆளைத்தான் கூட்டி வந்தீர்கள். அந்த எண் எல்லார் கைக்கும் போன பிறகு விலைகள் சரிந்து, அதை வைத்து முன்போல் சம்பாதிக்க முடியவில்லை என்று சொன்னவரும் அதே பேயர்தான். ஊருக்குச் சொன்னால் தனக்குப் போச்சு. அவர் சொன்னார், சரி. மற்றவர்கள்?

தம்புசெட்டி வக்கீல்:
1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்து இழுத்து 1996இல் உச்ச நீதிமன்றம், இது அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, பெருமளவு திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது.

கணக்கர் மகள்:
யார் திறமை, வக்கீல் சார்? ஐந்தரை மணிக்குப் பனியில் நின்றவருடையதா, மண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருடையதா?

ஜாக்பாட் ஜானி:
சண்டை இருக்கட்டும். நாளைக்கு பெங்களூரில் மூன்றாவது ரேஸுக்கு எது சார்?

மாம்பலம் மணி:
ஜானி, நீ திருந்தவே மாட்டாய். 2023 அக்டோபரில் கட்டுகிற தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி என்று உறுதியாக்கினார்கள், 2025 செப்டம்பரில் அது 40 ஆகிவிட்டது. இந்த வரிக்கு மேல் லாபம் பார்க்கிற திறமை எந்தக் கொம்பனுக்கும் கிடையாது. கிண்டியையும் 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தாயிற்று. 160 ஏக்கர். இப்போது போய்ப் பார், குளம் வெட்டியிருக்கிறார்கள்.

பழைய ஸ்டாப்வாட்ச்:
நேற்றெல்லாம் பதில் எழுதி எழுதி அழித்தேன். அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

ஒரு தடவை நடந்தது. தொண்ணூறுகளில், ஐப்பசி கடைசி. ராத்திரி முழுக்க மழை. மூன்று ரேஸில் தொடர்ந்து கடைசியாக வந்த ஒரு பெட்டைக் குதிரை அன்று ஈரத் தடத்தில் பறந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். அங்கே இருந்தது நானும் டீ கொண்டுவந்த பையனும்தான். ஆபீஸுக்குப் போய் "சுமாரான ஓட்டம்" என்று எழுதினேன். ஈரத்தில் நேரம் சரியாகத் தெரியாது, அதனால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார இறுதியில் அதன் மேல் ஐநூறு கட்டினேன், அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. ரேஸ் அன்று வெயிலில் தடம் காய்ந்து கல்லாகிவிட்டது. நாலாவதாக வந்தது. பேப்பரில் நான் எழுதியிருந்த ஃபேவரிட்டும் ஜெயிக்கவில்லை. போதுமா?

கணக்கர் மகள்:
சொன்னதற்கு நன்றி சார். தோற்றதால் அது நினைவில் இருக்கிறது. எழுதாமல் விட்டதில் ஜெயித்தது எத்தனை?

மாம்பலம் மணி:
அவரை விடுங்கள் அம்மா. வயதானவர்.

பழைய ஸ்டாப்வாட்ச்:
இருக்கட்டும் மணி. இரண்டு. ஒன்று கிண்டியில், ஒன்று ஊட்டியில்.