கிடைத்த மாற்றத்தைக் காட்டி வன்முறைப் புரட்சியை நியாயப்படுத்தலாமா?

கோண்டாவில்_வாசகன்:
இரத்தம் சிந்தாமல் எந்தப் பெரிய மாற்றமும் வந்ததில்லை என்பது என் பக்கம். பிரான்சின் ஆட்சியில் இருந்த ஹெயிட்டியைப் பாருங்கள். 1791இல் கரும்புத் தோட்ட அடிமைகள் எழுந்தார்கள், 1804 ஜனவரி 1இல் சுதந்திரம். மனுப் போட்டு எந்த அடிமை விடுதலையானான்? 1794இல் பிரான்ஸ் ஒழித்த அடிமைமுறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். ஹெயிட்டியில் மட்டும் அது பலிக்கவில்லை. காரணம் ஆயுதம்.

வடமராட்சி_ரீச்சர்:
தம்பி, ஹெயிட்டியில் வேறு வழி இருக்கவில்லை, சரி. ஆனால் சுதந்திரம் கிடைத்த பிறகு, அதே 1804இல், எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரரைப் பெண், பிள்ளை என்றும் பாராமல் கொன்றார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? விடுதலை வந்துவிட்டதற்காக நடந்த எல்லாக் கொலையும் சரியாகிவிடுமா? இங்கே இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்காக யாரும் யாரையும் வெட்டவில்லை.

சங்கானைப்_பெடியன்:
அக்கா, அந்த இரண்டும் வந்த பிறகும் என்ர அப்பப்பா சாதியால் தேத்தண்ணீர்க் கடைக்கு வெளியே குந்தியிருந்து தகரப் பேணியில்தான் குடித்தவர். குடித்து முடிய அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேணும். 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்தது, பேணி மாறவில்லை. 1966 அக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் வெளிக்கிட்டுப் பொலிசிடம் அடி வாங்கினோம். 1968இல் எங்களையும் உள்ளே விடச் சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றோம். எங்கட சங்கானை நிச்சாமத்தில் தாக்க வந்தவர்களைத் திருப்பித் தாக்கினோம். அதற்குப் பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொறுமையாக இருங்கோ என்று எங்களுக்குச் சொன்னவர்கள் எல்லாரும் உள்ளே வாங்கில் இருந்து குடித்தவர்கள்.

வடமராட்சி_ரீச்சர்:
தன் வாசலுக்கு அடிக்க வந்தவனைத் தடுப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். அது வேறு. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதே, நான் கேட்பது அந்த மாதிரிப் புரட்சியைப் பற்றி. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பெரும்பாலும் படித்து வேலையில்லாமல் இருந்த கிராமத்துப் பிள்ளைகள்.

கோண்டாவில்_வாசகன்:
அடுத்த வருடமே காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்ததே. ஒருவருக்கு 50 ஏக்கருக்கு மேல் இல்லை, வயல் என்றால் 25. அந்தக் கிளர்ச்சி இல்லாவிட்டால் அவ்வளவு கெதியாக வந்திருக்குமா?

வடமராட்சி_ரீச்சர்:
செத்த பிள்ளைக்கு அதில் ஒரு பரப்புக் காணியாவது கிடைத்ததா தம்பி? பலன் ஒருவருக்கு, சாவு இன்னொருவருக்கு. எங்கள் பக்கமும் அதுதான். முடிவெடுத்தவர்கள் ஒரு சிலர். வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேட்டது யார்? கேட்காமல் ஒருவரின் உயிரைச் செலவழிக்கிற உரிமை எந்தப் புரட்சிக்கும் இல்லை.

சங்கானைப்_பெடியன்:
பிள்ளை பிடித்ததை நானும் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1957இலிருந்து 1966 வரை, சட்டத்தையும் வைத்துக்கொண்டு தகரப் பேணியில் குடித்தார்களே, அவர்களிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த ஒன்பது வருடமும் அவர்கள் என்ன செய்திருக்க வேணும்? அதைச் சொல்லுங்கோ அக்கா.

வடமராட்சி_ரீச்சர்:
1966இல் வெளிக்கிட்ட ஊர்வலம் 1957இலேயே வெளிக்கிட்டிருக்க வேணும். வாங்கில் இருந்தவர்களும் எழும்பி வந்து அதில் நடந்திருக்க வேணும்.