அப்பாட நிக்கோன் லென்ஸ் நாலு இருக்கு, இதுகளை விடாமல் டிஜிற்றலுக்கு மாற எந்தக் கமரா வாங்கலாம்?

பரந்தன் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்கோ. அப்பா 96ல கிளிநொச்சியால இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போய் அங்க ஒரு சின்ன ஸ்ரூடியோ போட்டவர், கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம் எண்டு எல்லாம் ஒரே ஒரு நிக்கோன் எஃப்எம்2 கமராவிலதான் எடுத்தவர். வன்னிக்குள்ள பற்றறி வராத காலம் அது, ஆனா அந்தக் கமராவுக்குப் பற்றறி லைற் மீற்றருக்கு மட்டும்தான் வேணும், ஷட்டர் ஸ்பிறிங்கில ஓடும், அதால மீற்றர் செத்தாப்பிறகும் அவர் வெளிச்சத்தைக் கண்ணால பார்த்தே எடுத்தவர், நல்ல வெயிலுக்கு 16, மர நிழலுக்கு 5.6 எண்டு வாயால சொல்லிச் சொல்லி வளையத்தைத் திருப்புறது எனக்கு இப்பவும் ஞாபகம்.

2009ல எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். நெகற்றிவ் எல்லாம் போச்சு, கமராவும் போச்சு. அம்மா லென்சுகளை மட்டும் பழைய சீலைத்துண்டில சுத்தி ரெண்டு பால்மா ரின்னுக்க போட்டுக் கொண்டு வந்தவ. செட்டிகுளம் முகாமால வெளியில வந்தாப்பிறகு சித்தப்பா கனடாவால இன்னொரு பழைய எஃப்எம்2 அனுப்ப, அதில அப்பா திரும்பவும் பிலிம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தவர், ஆனா இப்ப பிலிம் சுருள் கிடைக்கிறதே பாடு, கிடைச்சாலும் வவுனியாவில நாங்கள் குடுக்கிற இடத்தில கலர் கழுவுறதை நிப்பாட்டிப்போட்டினம்.

கையில இருக்கிற லென்ஸ் 28 எஃப்/2.8, 50 எஃப்/1.8, 105 எஃப்/2.5 (முதல் நம்பர் மில்லிமீற்றர், கூடக்கூடக் கிட்ட இழுக்கும், எஃப் நம்பர் எவ்வளவு திறக்கும் எண்டது), இந்த மூண்டும் எஃப்எம்2வில பாவிச்சது. நாலாவது ஒரு 135 எஃப்/3.5, அது பெரியப்பாட பழைய நிக்கோர்மற் கமராவோட வந்தது, அப்பா அதை ஒருநாளும் எஃப்எம்2வில கொழுவ விடமாட்டார், ஏனெண்டு கேட்டால் "அது சேராது" எண்டு மட்டும் சொல்லுவார்.

போன மாதம் ஒரு கடையில கேட்டனான், நிக்கோன் லென்ஸ் எண்டால் எல்லா நிக்கோனுக்கும் வரும் எண்டு சொல்லி டி3000 வரிசையில ஒரு செக்கண்ட்ஹாண்ட் கமராவைக் கையில தந்தவர். 50ஐக் கொழுவினன், வடிவா ஏறிச்சுது, ஆனா மீற்றர் வேலை செய்யேல்லை, ஓட்டோவில படமே எடுக்கேலாது எண்டு நிண்டிட்டுது. லென்சில பிழையோ கமராவில பிழையோ எண்டு எனக்கு விளங்கேல்லை, வாங்காமல் வந்திட்டன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குளக்கட்டு:

தம்பி வாங்காமல் வந்தது நல்ல வேலை. லென்சில ஒரு பிழையும் இல்லை. நிக்கோன்ர எஃப் மவுண்ட் 1959ல வந்தது, இண்டு வரைக்கும் அந்த வாய் மாறேல்லை, அதாலதான் கடைக்காரர் எல்லாம் எல்லாத்துக்கும் வரும் எண்டு சொல்லுறவை. வாயில ஏறுறது வேற, கமராவோட கதைக்கிறது வேற. 1977ல ஏஐ எண்டு ஒரு மாற்றம் கொண்டு வந்தவை, அதுக்குப் பிறகு லென்சின்ர அப்பேச்சர் (வெளிச்சம் போற துவாரம்) வளையம் கமரா வாயைச் சுத்தி இருக்கிற ஒரு சின்ன நாக்கைத் தள்ளும், அந்த நாக்காலதான் கமராவுக்கு நீங்கள் 2.8ல நிக்கிறியளோ 8ல நிக்கிறியளோ எண்டு தெரியும். டி3000, டி5000 வரிசையில விலை குறைக்க அந்த நாக்கை எடுத்துப்போட்டினம். அதால உங்கட லென்சை அதில மெனுவலில மட்டும்தான் பாவிக்கலாம், மீற்றரும் இல்லை.

நாக்கு இருக்கிறது டி7000, டி7100, டி7200, பிறகு பெரிய சென்சர் (பிலிமுக்குப் பதிலா வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு) உள்ள டி700, டி610, டி750. டி7500 எண்டு புதுசாத் தெரியிறதைப் பார்த்து ஏமாறாதேங்கோ, 2017ல வந்த அதில திரும்பவும் எடுத்துப்போட்டினம். நான் டி7000 வைச்சிருக்கிறன், மெனுவில சீபியு (லென்சுக்குள்ள இருக்கிற சிப்) இல்லாத லென்ஸ் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில 105, 2.5 எண்டு ஒருக்காப் பதிஞ்சு விட்டால் போதும், ஒன்பது லென்ஸ் வரைக்கும் பதியலாம், பிறகு ஏ மோட்டில வளையத்தைத் திருப்பத் திருப்ப ஷட்டரைக் கமரா தானே பார்த்துக்கொள்ளும். போக்கஸ் கையாலதான், ஆனா வியூபைண்டரின்ர கீழ் மூலையில ஒரு பச்சைப் புள்ளி இருக்கு, சரியா வந்தால் அது அசையாமல் எரியும். கோயில் பொங்கலுக்கு இருட்டிக்கொண்டு வாற நேரம் நான் அந்தப் புள்ளியை நம்பித்தான் எடுக்கிறனான்.

உங்கட அப்பா 135ஐக் கொழுவ விடாதது முழுக்கச் சரி. அது ஏஐக்கு முந்தினது. லென்சின்ர மேல முயல்காது மாதிரி ரெண்டு தகடு நிக்குதெல்லோ, அதில ஓட்டை இருந்தால் ஏஐ, அடைச்ச தகடெண்டால் பழசு. பழசை டி7000இல கொழுவினால் நான் சொன்ன அந்த நாக்கை வளைச்சு உடைச்சுப்போடும். கையால அமத்திப் பார்க்கவும் வேண்டாம்.

ஒண்டு மட்டும் யோசியுங்கோ, டி7000இன்ர சென்சர் பிலிமை விடச் சின்னன், 1.5 மடங்கு, அதால 28 கொழுவினால் 42 மாதிரித்தான் தெரியும். சாமத்தியவீட்டில மணவறைக்கு முன்னால நிண்டு பின்னுக்குப் போக இடம் இல்லாமல் சுவரோட முதுகு முட்டி நிக்கேக்கதான் அது விளங்கும். காசு இடம் தந்தால் டி610க்குப் போங்கோ, அப்பா பார்த்த 28 அதில அப்பிடியே 28ஆத் தெரியும்.

மாங்குளம் சந்தி:

குளக்கட்டு அண்ணை சொன்னது சரி, நான் லென்சைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் கமராவுக்குக் காசைக் கட்டிப்போட்டு லென்ஸ் பழுதெண்டு பிறகு அறியிறது பெரிய கவலை, எனக்கு நடந்தது.

இரவில லைற்றை நூத்துப்போட்டு லென்சின்ர அப்பேச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தால ரோச் அடிச்சு முன்பக்கத்தால சரிவாப் பாருங்கோ. தூசி கொஞ்சம் தெரியும், அதை விடுங்கோ, தூசியால படம் கெடாது. சிலந்திவலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல் கரையில இருந்து நடுவுக்கு ஓடியிருந்தால் அது பூஞ்சணம். எங்கட பக்கம் ஐப்பசி மழை துவங்கினால் தை வரைக்கும் அலுமாரிக்குள்ள இருக்கிற சப்பாத்தே பச்சை பிடிக்குது, கண்ணாடி பிடிக்காதோ. கரையில கொஞ்சம் எண்டால் படத்தில தெரியாது, வெயிலில கொஞ்சநேரம் வைச்சால் வளர்றது நிக்கலாம், ஆனா கோட்டிங்கைத் தின்டிருந்தால் அந்தத் தழும்பு போகாது, வெளிச்சத்துக்கு எதிரா எடுக்கேக்க படம் முழுக்கப் புகை மாதிரி இருக்கும்.

அடுத்தது பின்பக்கத்தில இருக்கிற சின்ன நெம்பை விரலால தள்ளி விடுங்கோ. உள்ள இருக்கிற தகடுகள் படக்கெண்டு மூடித் திறக்கவேணும். சோம்பலா மெல்ல மெல்ல வந்தால் வெயில் சூட்டுக்குக் கிறீஸ் உருகித் தகட்டில ஊறியிருக்கு எண்டு அர்த்தம், அப்பிடியெண்டால் நீங்கள் 8ல வைச்சாலும் கமரா 4ல எடுத்துப்போடும், படம் வெளிறிப் போகும், உங்களுக்கு ஏனெண்டே தெரியாது.

பால்மா ரின்னில இப்பவும் வைச்சிருந்தால் எடுத்துப்போடுங்கோ. அரிசிக்குள்ள வைக்கச் சொல்லுவினம், அதையும் செய்யாதேங்கோ, அரிசி மா வளையத்துக்க போய்ச் சிக்கும். காத்துப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கோ, நீலத்தில இருந்து ரோசாவுக்கு மாறுற வகை எண்டால் நல்லது, மாறினால் தாச்சியில லேசாச் சூடாக்கத் திரும்பவும் நீலம் வரும்.

இன்னொண்டு, அப்பாட பழைய பிளாஷ் இருந்தால் புதுக் கமராவில கொழுவ முதல் விசாரியுங்கோ. அந்தக்காலத்துப் பிளாஷ் சிலதில ட்ரிகர் வோல்டேஜ் (பிளாஷை எரியவைக்கேக்க கமராவுக்கால போற மின்னழுத்தம்) 200க்கு மேல, இந்தக்காலக் கமரா பலது அதைத் தாங்காது.

பரந்தன் பெடியன்:

ரெண்டு அண்ணைமாருக்கும் பெரிய நன்றி. ராத்திரியே ரோச் அடிச்சுப் பார்த்தன். 28, 50, 105 மூண்டும் சுத்தம், காதிலயும் ஓட்டை இருக்கு. 135க்கு அடைச்ச காது, பின்கண்ணாடிக் கரையில சின்ன நகம் அளவுக்கு அந்த வெள்ளை நூலும் இருக்கு, மனசுக்கு ஒரு மாதிரிப் போச்சு.

நான் முதல் எழுதாமல் விட்ட ஒரு விசயம், கமரா எனக்கு மட்டும் இல்லை, அப்பாவும் எடுக்கவேணும் எண்டுதான் ஆசை. வயது 71, ஒரு கண்ணுக்குக் கற்றறாக் எடுத்தாச்சு, மற்றதுக்கு இன்னும் எடுக்கேல்லை. எஃப்எம்2வில நடுவில ரெண்டா வெட்டுப்பட்டுத் தெரியிற வட்டத்தை ஒண்டாச் சேர்த்துத்தான் போக்கஸ் பார்க்கிறவர், அதுவே இப்ப கஸ்டம் எண்டுறார். டி610ல அப்பிடி வட்டம் இருக்குமோ?

வட்டுவாகல் அக்கா:

தம்பி அந்த வட்டம் டி610ல இல்லை, டி7000இலயும் இல்லை. ஓட்டோ போக்கஸ் வந்தாப்பிறகு வந்த கமராக்களில வியூபைண்டர் கண்ணாடியை வெளிச்சமா இருக்கவேணும் எண்டு மாத்திப்போட்டினம், அதில 2.5ல எது கூர்மை எது மங்கல் எண்டு நல்ல கண்ணுக்கே வடிவாத் தெரியாது. பச்சைப் புள்ளி உங்களுக்குச் சரி, அப்பாவுக்கு அது இன்னொரு கரைச்சல், முகத்தைப் பார்க்கிறதோ மூலையைப் பார்க்கிறதோ.

அப்பாவும் எடுக்கிறதெண்டால் என்ர மனசு சொல்லுறது மிரர்லெஸ், அதாவது உள்ள முகக்கண்ணாடி இல்லாத கமரா. நான் சோனி ஏ7 ரெண்டாவது மொடல் வைச்சிருக்கிறன், 2014ல வந்தது, பழசுதான், சென்சர் பிலிம் அளவு. நிக்கோன் லென்சுக்கும் பிலிமுக்கும் இடையில இருக்கவேண்டிய தூரம் 46.5 மில்லிமீற்றர், சோனியில அது 18தான், மிச்சம் 28.5க்கு ஒரு வெறும் குழாய் போட்டால் சரி. அதைத்தான் அடப்டர் எண்டு விக்கிறாங்கள், உள்ள கண்ணாடி ஒண்டும் இல்லை, அதால படத்தின்ர தரம் குறையாது. உங்கட 135ம் இதில பயமில்லாமல் ஏறும், வளைக்க அங்க நாக்கு இல்லை. 

அப்பாவுக்கு எது சுகம் எண்டால், வியூபைண்டருக்குள்ள தெரியிறது ஒரு சின்னத் திரை. ஒரு பட்டினை அமத்தினால் ஒரு துண்டு மட்டும் பெருசாகி நிக்கும், கண்மடல் மயிர் எண்ணலாம், வளையத்தைத் திருப்பிக் கூர்மையாக்கிப்போட்டு எடுக்கலாம். எங்கட மத்தியான வெயிலில பின்பக்கத் திரையில ஒண்டும் தெரியாது, அதால கண்ணை வைச்சுப் பார்க்கிறது இருந்தே ஆகவேணும். கண்ணுத் துவாரத்துக்குப் பக்கத்தில சின்னச் சக்கரம் ஒண்டு இருக்கு, அவற்ற கண்ணுக்கு ஏற்றமாதிரி எழுத்துத் தெளிவா வரும்வரை அதைத் திருப்பி விடுங்கோ. கை நடுக்கத்துக்கும் கமராவுக்குள்ளயே வழி இருக்கு, ஆனா லென்ஸ் மாத்தேக்க ஒவ்வொருக்காலும் 28, 50 எண்டு நீங்கள்தான் நம்பரைக் குடுக்கவேணும். முதல்நாள் ஷட்டர் விழாது, பயந்திடாதேங்கோ, லென்ஸ் இல்லாமலும் படம் எடு எண்டு மெனுவில ஒண்டு இருக்கு, அதைப் போட்டு விடவேணும்.

அப்பாவுக்கு ஒண்டு சொல்லுங்கோ. நெகற்றிவ்வில சந்தேகம் எண்டால் ஒரு ஸ்டொப் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) கூட விடுறது பழக்கம், கூடினாலும் பிரிண்டில எடுத்திடலாம். டிஜிற்றலில அது மறுவளம், வெள்ளை வேட்டியோ கோயில் சுவரோ வெளிறிப் போனால் அங்க பிறகு ஒண்டும் இல்லை. கொஞ்சம் இருட்டா எடுத்துப் பிறகு வெளிச்சமாக்கலாம். எனக்கு இதைப் பழக ஒரு வருசம் போச்சு, முதல் எடுத்த வற்றாப்பளைப் பொங்கல் படங்களில பாதிக்கு மேல வேட்டி எல்லாம் வெறும் கடதாசி மாதிரி.

குளக்கட்டு:

அப்பாட கண் விசயம் எனக்குத் தெரியாது தம்பி. அப்பிடியெண்டால் அக்கா சொல்லுறதைக் கேளுங்கோ. நான் டி7000ஐத்தான் விரும்புவன், பற்றறி நாள் முழுக்க நிக்கும், சோனி எடுத்தால் மேலதிகப் பற்றறி ரெண்டு கட்டாயம் வாங்குங்கோ.

பரந்தன் பெடியன்:

ரெண்டு மாதம் கழிச்சு எழுதுறன். சித்தப்பாட மகன் லீவில வரேக்க பாவிச்ச ஏ7 ரெண்டாவது மொடலும் அடப்டரும் மூண்டு பற்றறியும் கொண்டு வந்தவன். போன ஞாயிறு பின்னேரம் அப்பாவை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். 105ஐக் கொழுவிக் குடுத்தன், முதல் கொஞ்சநேரம் திரைக்குள்ள பார்க்கிறது பிடிக்கேல்லை எண்டார், பிறகு வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒராளைப் பெருசாக்கிப் பார்த்தவர், வலைக் கண்ணில தண்ணித்துளி நிக்கிறது தெரிஞ்சுது, அதுக்குப் பிறகு கமராவைத் திருப்பித் தரேல்லை.

திரையில அப்பேச்சர் நம்பர் வராது, எஃப்புக்குப் பக்கத்தில ரெண்டு கோடு மட்டும் காட்டும், படத்திலயும் பதியாது. அப்பா ஸ்ரூடியோக் காலத்தில ஒவ்வொரு சுருளுக்கும் கொப்பியில திகதி, இடம், அப்பேச்சர் எழுதி வைக்கிறவர், அந்தக் கொப்பிகள் ஒண்டும் இப்ப இல்லை. வீட்ட வந்து பிள்ளையின்ர புதுக் கொப்பி ஒண்டை எடுத்து அண்டைக்கு எடுத்த 41 படத்துக்கும் நம்பர் போட்டு, இது 4, இது 5.6 எண்டு ஞாபகத்தில இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினனான். ரெண்டு படத்துக்கு மட்டும் நிச்சயமில்லை எண்டு வெறுமையா விடச் சொன்னவர்.

135ஐயும் அடப்டரில போட்டுப் பார்த்தன், சூரியன் பின்னால நிண்டால் நல்ல படம், முன்னால நிண்டால் அண்ணை சொன்ன அந்தப் புகை. யாழ்ப்பாணத்திலயோ வவுனியாவிலயோ லென்சைத் திறந்து துடைக்கிற நல்ல கை ஆரும் தெரிஞ்சால் சொல்லுங்கோ, மாரி துவங்க முதல் குடுத்திட வேணும்.