நெகட்டிவைக் கேமராவால் படியெடுத்தால் முகங்கள் நீலமாகின்றன: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். என் தந்தையார் எடுத்த 35 மி.மீ. வண்ண நெகட்டிவ்கள் ஏறத்தாழ நாற்பது சுருள்கள் என்னிடம் உள்ளன. ஸ்கேனர் வாங்காமல், ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் கொண்ட) கேமராவை, மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு கீழ்நோக்கிப் பொருத்தி, டேப்லெட் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் ஃபிலிமை வைத்துப் படமெடுத்தேன். படத்தில் வலை போன்ற மெல்லிய கோடுகள் விழுகின்றன. ஓர் ஓரம் மட்டும் மங்குகிறது. கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கினால் எல்லோருடைய முகமும் நீலம் பூத்துத் தெரிகிறது. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எவ்வளவு மாற்றியும் இந்த நீலம் போகவில்லை. வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

நீங்கள் பார்க்கும் வலை, திரையின் பிக்சல்கள்தாம். ஃபிலிமைத் திரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தினால் அவை குவியத்திலிருந்து விலகி மறைந்துவிடும். இருப்பினும் திரையின் வெளிச்சம் குறைவு. நிறத்துல்லியக் குறியீடு 95க்கு மேல் உள்ள எல்இடி பலகை இதற்கு ஏற்றது. ஃபிலிமைச் சுற்றியுள்ள பலகையைக் கறுப்பு அட்டையால் மூடி, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

ஓரம் மங்குவதற்குக் காரணம், கேமராவின் சென்சாரும் ஃபிலிமும் இணையாக இல்லாததே. இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கிடைக்கும். ஃபிலிம் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் கேமராத் திரையின் நடுவில் விழும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். இந்த எளிய உத்தி தெரியாமல் லென்ஸே பழுது என்று நான் பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கூர்மை வேண்டி எஃப் 16க்குப் போகாதீர்கள்; சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

பதில் 2

நீலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்ண நெகட்டிவின் வெற்றுப் பகுதிகூட ஆரஞ்சாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃபிலிமில் உள்ள சியான், மெஜந்தா சாயங்கள் தாம் உறிஞ்ச வேண்டிய ஒளியோடு வேறு நிற ஒளியையும் சிறிது உறிஞ்சிவிடும். அந்தக் குறையை அச்சிடும்போது ஈடுகட்டுவதற்காகவே உற்பத்தியாளர்கள் இந்த ஆரஞ்சுத் திரையைச் சேர்த்தார்கள். அதை நீக்காமல் படத்தைத் தலைகீழாக்கினால், ஆரஞ்சின் எதிர்நிறமான நீலம் படம் முழுவதும் படிந்துவிடும். நீங்கள் செய்த திருத்தம் தவறல்ல. அது தலைகீழாக்குவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகவே எடுங்கள். இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள வெற்று ஃபிலிமும் சட்டத்துக்குள் விழட்டும்; வெள்ளைச் சமநிலையை அந்த இடத்தில் தொட்டு அமைத்தால் ஆரஞ்சு சாம்பலாக மாறும். பிறகு தலைகீழாக்கி, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வளைகோடுகளின் (கர்வ்ஸ்) முனைகளையும் தனித்தனியாக, ஒளியளவுப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் விவரம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இழுத்து வையுங்கள். ஃபிலிமின் மூன்று நிற அடுக்குகளின் மாறுபாடும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், இந்த இரண்டாம் படியைத் தவிர்த்தால் வெளிச்சப் பகுதி ஒரு நிறத்துக்கும் நிழல் வேறொரு நிறத்துக்கும் சாய்ந்து நிற்கும். தலைகீழாக்கிய பின் சில மென்பொருள்களில் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் இருளும், பழகும்வரை எரிச்சலூட்டும்.

வெற்று ஃபிலிம்தான் சட்டத்திலேயே மிகப் பிரகாசமான இடம். அது விவரமற்ற முழு வெள்ளையாகிவிடாத எல்லைவரை ஒளியளவை உயர்த்தி, சுருள் முடியும்வரை அதே அமைப்பிலேயே எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கண்ணாடி உத்தியால் ஓரம் சரியாகிவிட்டது. முகங்களும் முகநிறத்துக்கு வந்துவிட்டன. ஃபிலிமின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்? மேலும், இரண்டு சுருள்களில் புளித்த காடியின் நெடி அடிக்கிறதே?

பதில் 3

மங்கலான பக்கத்தில்தான் படப்பூச்சு உள்ளது. அது லென்ஸைப் பார்த்திருந்தால் கூர்மை சற்றுக் கூடும். படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.

காடி நெடி, அசிடேட் ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதன் அடையாளம். இதை மீட்க இயலாது. வெளியேறும் ஆவி அருகிலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். எனவே அவ்விரண்டையும் இன்றே தனியே பிரித்து, மற்ற சுருள்களுக்கு முன்பாகப் படியெடுத்துவிடுங்கள். சுருண்டிருந்தால் வலிந்து நிமிர்த்தாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். தூசியை ஊதுகுழலால் மட்டும் நீக்குங்கள், ஈரத்துணி வேண்டாம்.